18,000 ரூபாய் போன், 32,000 ரூபாய் கணக்கு: சிஎம்எஃப் போன் 1 – ஒரு ஆடிட்டரின் முதல் பார்வை



நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னுதான் வழக்கமா பேசுவோம். இந்த வாரம் ஒரு போனைப் பத்திப் பேசப் போறோம். காரணம் இருக்கு. ஜூலை மாசம் முழுக்க ஐடி ரிட்டர்ன் சீசன். அதுல சம்பளம் வாங்குற இளைஞர்களோட பேங்க் ஸ்டேட்மென்ட் நிறைய பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனவங்க ஸ்டேட்மென்ட்ல ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துச்சு: மாசா மாசம் போன் ஈஎம்ஐ. எஸ்ஐபி இல்லாத ஸ்டேட்மென்ட் உண்டு. ஆர்டி இல்லாத ஸ்டேட்மென்ட் உண்டு. போன் ஈஎம்ஐ இல்லாத ஸ்டேட்மென்ட் ரொம்பக் குறைவு.

நிறைய பேருக்கு வாழ்க்கையில முதல் கடனே இந்தப் போன்தான். அதனால இதை வெச்சே கடன், வட்டி, ஜிஎஸ்டி, சேமிப்பு நாலையும் ஒரே பாடமா படிச்சிடலாம்னு தோணுச்சு.

பாடத்துக்கு எடுத்துக்கிட்டது சிஎம்எஃப் போன் 1. லண்டன்ல இருக்கிற நத்திங் கம்பெனியோட துணை பிராண்டா வந்ததுதான் சிஎம்எஃப். 2024 ஜூலை 8ஆம் தேதி அறிமுகம் ஆச்சு, 12ஆம் தேதி விற்பனைக்கு வந்துச்சு. அப்போ 6 ஜிபி ரேம், 128 ஜிபி ஸ்டோரேஜ் மாடல் 15,999 ரூபாய். 8 ஜிபி, 128 ஜிபி மாடல் 17,999 ரூபாய். நான் வாங்குனது ரெண்டாவது. சொந்தக் காசு, முழுப் பணமும் ஒரே தடவையில கட்டினது. ஸ்பான்சர் யாரும் கிடையாது.

முதல் பார்வை

பெட்டியைப் பிரிச்ச உடனே தெரியுற விஷயம், பின்பக்கம். நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா மூடி தனியா வந்துடும். வேற கலர் மூடி வாங்கி மாட்டிக்கலாம். கீழே ஓரத்துல ஒரு வட்டமான திருகு இருக்கு. அதுல ஸ்டாண்டு, கயிறு, கார்டு உறைன்னு தனியா வாங்கி மாட்டலாம். பார்க்க நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, மூடி கழன்டு வந்தாலும் பேட்டரியை நாமளே மாத்துற மாதிரி வைக்கல. அந்தக் காலத்து போன்ல மூடியை நகத்தால தூக்கி பேட்டரியை மாத்துவோமே, அப்படி நினைச்சு வாங்காதீங்க.

ஸ்க்ரீன் 6.67 இன்ச் அமோலெட், 120 ஹெர்ட்ஸ். இந்த விலைக்கு இது நல்ல ஸ்க்ரீன். மீடியாடெக் டைமன்சிட்டி 7300 ப்ராசஸர். வாட்ஸப், மெயில், எக்செல், பேங்க் ஆப், நடுவுல ஒரு வீடியோ கால்னு நான் ஓட்டுற வேலைக்கு எங்கயும் திணறல. தேவையில்லாத ஆப் திணிப்பும் விளம்பர நோட்டிஃபிகேஷனும் பெருசா இல்ல. சம்பளக்காரருக்கு இது ஒரு மறைமுக லாபம். "இன்னைக்கு மட்டும் ஆஃபர்"னு போனே நம்மளைக் கூப்பிடாம இருந்தா செலவு குறையும்.

இல்லாதது என்னன்னு பார்ப்போம். என்எஃப்சி இல்ல, அதனால கார்டுக்குப் பதிலா போனைத் தட்டிப் பணம் கட்ட முடியாது. க்யூஆர் ஸ்கேன் பண்ணி யுபிஐல கட்டுறவங்களுக்கு இது ஒரு குறையே இல்ல. ஸ்பீக்கர் ஒண்ணுதான். ஹெட்போன் ஜாக் இல்ல. வைட் ஆங்கிள் கேமரா இல்ல. பின்னாடி வேலை செய்யுறது 50 மெகாபிக்சல் கேமரா ஒண்ணுதான், இன்னொரு லென்ஸ் பேருக்கு. பகல் வெளிச்சத்துல படம் தெளிவா வருது. ரெண்டாவது சிம் இல்லாட்டி மெமரி கார்டு, ரெண்டுல ஒண்ணுதான் போட முடியும்.

குன்னூர்ல எப்படி இருக்கு?

சென்னையில உட்கார்ந்து ரிவ்யூ பண்றவங்க சொல்லாத ரெண்டு விஷயம் மலையில முக்கியம்.

முதல் விஷயம், ஈரம். இங்க ஆடி மாசம்னா வெயிலைத் தேடணும். பெட்ஃபோர்டுலேருந்து சிம்ஸ் பார்க் வரைக்கும் நடந்தா போதும், மழை பெய்யாமலே சட்டை நனைஞ்சிடும். இந்தப் போனுக்கு ஐபி52 தரச்சான்று. அந்த 2ங்கிற எண்ணுக்கு அர்த்தம், போன் லேசா சாய்ஞ்சிருக்கும்போது மேலேருந்து சொட்டுற தண்ணியைத் தாங்கும்ங்கிறது. சாரல், பனிமூட்டம் சரி. சட்டைப்பையில போட்டுக்கிட்டு கொட்டுற மழையில பைக் ஓட்டுறது சரியில்ல. பொதுவா தண்ணி போன போனுக்கு வாரன்டி கிடையாதுங்கிறதையும் மறக்காதீங்க. மலையில வேலை பார்க்குறவங்களுக்கு 20 ரூபாய் ஜிப் கவர்தான் முதல் இன்சூரன்ஸ்.

ரெண்டாவது விஷயம், சிக்னல். டவர் தூரமா இருந்தா போன் அதிக சக்தி செலவழிச்சு அதைத் தேடும், பேட்டரி சீக்கிரம் தீரும். இதே 5,000 எம்ஏஹெச் பேட்டரி, ஆபீஸ் வைஃபைல ஒன்றரை நாள் வந்துச்சு. லேம்ஸ் ராக் பக்கம் ஒரு கிளையன்ட் எஸ்டேட்டுக்குப் போன அன்னைக்கு சாயங்காலமே சார்ஜர் தேட வேண்டியதாச்சு. போன் மேல குறை இல்ல, எல்லா போனுக்கும் இதே கதைதான். ஆனா "பேட்டரி போதலை, புது போன் வாங்கணும்"னு நினைக்கிறவங்க, முதல்ல சிக்னலைப் பாருங்க. சிம்மை மாத்தினா தீர்ற பிரச்சினைக்குப் போனை மாத்த வேண்டாம்.

போன் எப்படின்னு பார்த்தாச்சு. இப்ப கணக்குக்கு வருவோம்.

பாடம் 1: பெட்டிக்கு வெளியே இருக்கிற விலை

விளம்பரத்துல வர்ற விலை, நீங்க கட்டப் போற விலை கிடையாது. இந்தப் போனையே எடுத்துக்குவோம்.

அறிமுகமானப்போ 8 ஜிபி மாடல் 17,999 ரூபாய். அறிமுகச் சலுகையா குறிப்பிட்ட பேங்க் கார்டுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடி. ஆக 16,999.

பெட்டிக்குள்ள சார்ஜர் இல்ல. கம்பெனியோட 33 வாட் சார்ஜர் தனியா 799 ரூபாய். வீட்டுல கிடக்கிற பழைய 10 வாட் சார்ஜரைப் போட்டாலும் ஏறும், ஆனா முழுசா ஏற ரெண்டரை, மூணு மணி நேரம் ஆகும். ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்குறவங்களுக்கு பழைய சார்ஜரே போதும். அங்கேயே 799 மிச்சம்.

வேற கலர் மூடி ஒண்ணு 1,499 ரூபாய். ஸ்டாண்டு, கயிறு, கார்டு உறை ஒவ்வொண்ணும் 799 ரூபாய். மூணு துணைப்பொருளும் ஒரு மூடியும் சேர்த்தா 3,896 ரூபாய். போன் விலையில அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. துணிக்கடையில சட்டைக்குத் தள்ளுபடி கொடுத்துட்டு பெல்ட், சாக்ஸ்ல எடுத்துடுவாங்க பாருங்க, அதே வியாபாரம்தான். தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நம்ம கணக்குல அது வரணும்.

டெம்பர்டு கிளாஸ், சாதாரண பவுச் ரெண்டுக்கும் 600 ரூபாய்னு வெச்சுக்குவோம். கம்பெனி சார்ஜரும் வாங்குறீங்கன்னா, மொத்தம் 16,999 + 799 + 600 = 18,398. சுமாரா 18,400 ரூபாய். இதுதான் உண்மையான வாங்குற விலை.

பாடம் 2: மாசத்துக்கு என்ன ஆகுது?

கம்பெனி நடத்துறவங்க ஒரு மெஷின் வாங்கினா, அதோட விலையை அது உழைக்கப் போற வருஷங்களுக்குப் பிரிச்சுப் பார்ப்பாங்க. அதுக்குப் பேர் தேய்மானம். உங்க போனுக்கும் அதையே போட்டுப் பாருங்க.

ஒரு ஸ்மார்ட்போன் எத்தனை வருஷம் உழைக்கும்? ஸ்க்ரீன் உடையாம இருந்தா அஞ்சாறு வருஷம்கூட எரியும். ஆனா நம்ம பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் அதுலதான் இருக்கு. செக்யூரிட்டி அப்டேட் நின்னுபோன போன்ல பணம் புழங்குறது, பூட்டு தேய்ஞ்சுபோன பீரோவுல நகை வைக்கிற மாதிரி. அதனால நான் ஆயுளைக் கணக்குப் போடுறது செக்யூரிட்டி அப்டேட் வர்ற காலத்தை வெச்சு. இந்தப் போனுக்கு 2 வருஷம் ஆண்ட்ராய்டு அப்டேட், 3 வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு கம்பெனி சொல்லியிருக்கு. ஆக 36 மாசம்.

36 மாசம் கழிச்சு எக்ஸ்சேஞ்ச்ல 3,000 ரூபாய் கிடைச்சுதுன்னு வெச்சுக்கோங்க. 18,400ல 3,000 போக 15,400. அதை 36ஆல வகுத்தா மாசம் 428 ரூபாய்.

இதே கணக்கை வெச்சு விலை கூடின போனையும் பார்க்கலாம். சாம்சங் கேலக்ஸி ஏ35 2024 மார்ச்ல 30,999 ரூபாய்க்கு வந்துச்சு. அதுக்கு 5 வருஷம் செக்யூரிட்டி அப்டேட். 30,999ஐ 60 மாசத்துக்குப் பிரிச்சா 517 ரூபாய். சிஎம்எஃப் போனோட 17,999ஐ தள்ளுபடி எதுவும் கழிக்காம 36ஆல வகுத்தா 500 ரூபாய். மாசத்துக்கு 17 ரூபாய்தான் வித்தியாசம்! கடையில பார்க்கும்போது ஒண்ணு இன்னொண்ணைவிட 13,000 ரூபாய் அதிகம்.

அப்போ ஏ35 வாங்குறதுதான் புத்திசாலித்தனமா? ரெண்டு கேள்வி கேட்டுக்கோங்க. அஞ்சு வருஷமும் அந்தப் போனைக் கையில வெச்சிருப்பீங்களா? ரெண்டாவது வருஷமே கீழே போட்டு உடைச்சிட்டாலோ, புதுசு பார்த்து மனசு மாறிட்டாலோ 517ங்கிற கணக்கு உடைஞ்சிடும். அடுத்து, அந்தக் கூடுதல் 13,000 ரூபாய் உங்ககிட்ட சும்மா இருக்கா? அவசரத்துக்கு எடுத்து வெச்ச பணத்தைத் தொட்டோ, கடன் வாங்கியோ போடுறீங்கன்னா வேண்டாம். அவசர நிதி தனியா இருக்கு, போனை பத்திரமா வெச்சுக்குற ஆளுன்னா தாராளமா வாங்கலாம்.

இன்னொரு நுணுக்கம். அப்டேட் காலத்தைப் பொதுவா போன் அறிமுகமான நாள்லேருந்துதான் எண்ணுவாங்க, நீங்க வாங்குன நாள்லேருந்து கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு 3,000 ரூபாய் குறைவா கிடைக்குதேன்னு இதே போனை வாங்கினா, உங்களுக்குக் கிடைக்குறது 36 மாசம் கிடையாது, 24 மாசம்தான். 14,999ஐ 24ஆல வகுத்தா 625 ரூபாய். விலை குறைஞ்சிருக்கு, மாசச் செலவு கூடியிருக்கு. பழைய மாடலைத் தள்ளுபடியில வாங்கும்போது இந்த வகுத்தலை ஒரு தடவை போட்டுடுங்க.

பாடம் 3: ரீசார்ஜை விட்டுட்டுக் கணக்கு போடாதீங்க

போனுக்குத் தீனி போட்டே ஆகணும். 2024 ஜூலை 3ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், அடுத்த நாள் விஐயும் கட்டணத்தை ஏத்தினாங்க. ஜியோவுல 28 நாளைக்குத் தினமும் 1.5 ஜிபி கொடுக்குற பிளான் 239லிருந்து 299 ஆச்சு. தினமும் 2 ஜிபி பிளான் 299லிருந்து 349 ஆச்சு. அதோட, அன்லிமிடெட் 5ஜி தினம் 2 ஜிபி, அதுக்கு மேல உள்ள பிளானுக்கு மட்டும்தான்னு அப்போ ஆச்சு.

28 நாள்ங்கிறது மாசம் கிடையாது. வருஷத்துக்கு 12 ரீசார்ஜ்னு நினைப்போம், 13 ஆகும். 349 × 13 = 4,537 ரூபாய். மூணு வருஷத்துக்கு 13,611 ரூபாய்.

இப்ப மொத்தமா கூட்டுங்க. வாங்குற விலை 18,398, ரீசார்ஜ் 13,611. மூணு வருஷத்துக்கு 32,009 ரூபாய். தலைப்புல சொன்ன 32,000 இதுதான். கட்டணம் இன்னொரு தடவை ஏறாதுங்கிற நம்பிக்கையில போட்ட கணக்கு இது.

5ஜி போன் வாங்கினா 5ஜி பிளான் போடணும்னு கட்டாயம் இல்ல. உங்க வீட்டுல, உங்க ஆபீஸ்ல 5ஜி வருதான்னு முதல்ல பக்கத்துல இருக்குறவங்க போன்ல பாருங்க. மலையில ஒரு வளைவு தாண்டினா 4ஜியே தடுமாறும். வராத 5ஜிக்கு 28 நாளைக்கு ஒரு தடவை 50 ரூபாய் கூடக் கட்டினா, மூணு வருஷத்துல 1,950 ரூபாய். வீட்டுல பிராட்பேண்டு இருந்தா இன்னும் சின்ன பிளானே போதும்.

பாடம் 4: நோ காஸ்ட் ஈஎம்ஐ – செலவில்லாத கடனா?

இந்தப் பாடத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க.

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. பூஜ்யம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது, கிரெடிட் கார்டு ஜீரோ ஈஎம்ஐல வட்டியை ப்ராசஸிங் கட்டணமா மறைச்சு வாங்குறாங்க, இது கூடாதுங்கிறது அதோட சாரம். அதுக்கு அப்புறம் வந்ததுதான் இப்ப நாம பார்க்குற நோ காஸ்ட் ஈஎம்ஐ. இதுல பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விற்பனை செய்யுறவங்க உங்களுக்கு முன்கூட்டியே தள்ளுபடி கொடுப்பாங்க. தட்டுல ஒரு பக்கம் வட்டி, மறுபக்கம் தள்ளுபடி, ரெண்டும் சமம்னு காட்டுவாங்க.

கணக்கு எளிசா இருக்க 18,000 ரூபாய் போன், 6 மாசம், மாசம் 3,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பேங்க் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம். இந்த வட்டியில மாசம் 3,000 வீதம் 6 மாசம் கட்டினா அடையுற கடன் 17,189 ரூபாய். மீதி 811 ரூபாய் வட்டி. அந்த 811ஐத்தான் தள்ளுபடியா கழிக்கிறாங்க. இது வரைக்கும் சரி.

ஆனா அந்த 811 ரூபாய் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு: 146 ரூபாய். ப்ராசஸிங் கட்டணம் 199 ரூபாய்னா, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக 381 ரூபாய் கூட. இதை யாரும் தள்ளுபடி பண்ண மாட்டாங்க. உங்க கார்டு ஸ்டேட்மென்ட்ல சத்தமில்லாம வரும்.

அடுத்தது இன்னும் பெரிய ஓட்டை. சில சலுகைகள்ல முழுப் பணம் கட்டுறவங்களுக்கு மட்டும் 1,000 ரூபாய் தள்ளுபடி இருக்கும், நோ காஸ்ட் ஈஎம்ஐ எடுத்தா அது கிடைக்காது. அப்படி இருந்தா, அதே போன் ஒருத்தருக்கு 17,000, இன்னொருத்தருக்கு 18,381. வித்தியாசம் 1,381 ரூபாய்.

1,381 ரூபாய் சின்னத் தொகை மாதிரி தெரியும். எவ்வளவு கடனுக்கு இது, எத்தனை நாளைக்குன்னு பாருங்க. ஆரம்பத்துல 17,000 உங்க கையில. மாசா மாசம் கட்டிக்கிட்டே வர்றதால பாக்கி குறைஞ்சுக்கிட்டே வருது. சராசரியா பார்த்தா ஏறக்குறைய 10,000 ரூபாய்தான் ஆறு மாசம் கடனா இருக்கு. 10,000க்கு ஆறு மாசத்துல 1,381. வருஷத்துக்குக் கணக்கு போட்டா 28 சதவீதம் பக்கம் வருது. நகைக்கடன் வாங்கினா இதைவிட ரொம்பக் குறைவு. "நோ காஸ்ட்"ங்கிற பேருக்குள்ள இவ்வளவு வட்டி இருக்க முடியும்.

எல்லா நோ காஸ்ட் ஈஎம்ஐயும் இப்படின்னு சொல்ல மாட்டேன். சில சமயம் ஈஎம்ஐக்கும் அதே பேங்க் தள்ளுபடி கிடைக்கும், ப்ராசஸிங் கட்டணம் இருக்காது. அப்போ எடுக்கலாம். கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "முழுப் பணமும் இப்பவே கட்டினா எவ்வளவு? ஈஎம்ஐல எல்லாம் சேர்த்து எவ்வளவு?" ரெண்டு எண்ணையும் பேப்பர்ல எழுதி வாங்குங்க. ஃபைனான்ஸ் கம்பெனிகிட்ட கடனா எடுத்தா, 2024 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து புதுக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதுல இருக்கும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு அந்த விதி பொருந்தாது, அங்க நீங்களேதான் கணக்கு போட்டுக்கணும்.

900 கிலோ கொழுந்து

ரிட்டர்ன் போட வந்த ஒரு தம்பியைப் பத்திச் சொல்றேன். 24 வயசு, இங்க ஒரு ரிசார்ட்டுல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 22,000. பைக் ஈஎம்ஐ 3,400, போன் ஈஎம்ஐ 3,000, வயர்லெஸ் இயர்போனுக்கு ஒரு 600. மொத்தம் 7,000. சம்பளத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

போன் வாங்கி மூணாவது மாசமே கீழே விழுந்து ஸ்க்ரீன் போயிடுச்சு. சரி பண்ணப் பணம் இல்ல. அம்மாவோட பழைய போனை வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. "உடைஞ்ச போனுக்கு இன்னும் மூணு மாசம் கட்டணுங்க சார். அதான் கடுப்பா இருக்கு"ன்னாரு.

வட்டி விகிதம் அவருக்குப் புரியுற மாதிரி சொல்ல நான் எக்செல் திறக்கல. "அம்மா என்ன வேலை?"ன்னு கேட்டேன். எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கிறாங்களாம். வீட்டுப் பக்கத்துல கொஞ்சம் சொந்தத் தோட்டமும் இருக்காம். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 18,000 ரூபாய் போனுக்கு எத்தனை கிலோ? 900 கிலோ. அந்த எண்ணைக் கேட்டதும் அவரு கொஞ்ச நேரம் பேசல. அந்த 900 கிலோவை யார் பறிக்கிறாங்கன்னு அவருக்குத் தெரியும்.

போன் வாங்கக்கூடாதுன்னு நான் சொல்லல. இந்த வேலைக்கு, இந்தக் காலத்துல, போன் அவசியம். எந்தப் போன், எப்படிப் பணம் கட்டுறோம்ங்கிறதுதான் விஷயம். அவரோட அடுத்த ஆறு மாசத்துக்கு ரெண்டே வேலைதான் எழுதிக் கொடுத்தேன். இருக்கிற ஈஎம்ஐ ஒண்ணுகூட தவறக் கூடாது. புதுசா ஒண்ணும் சேரக் கூடாது. 3,000 ரூபாய் ஈஎம்ஐ தவறினாலும் கிரெடிட் ரிப்போர்ட்ல பதிவாகும். நாலு வருஷம் கழிச்சு வீட்டுக் கடனுக்குப் போகும்போது பேங்க் மேனேஜர் அதைப் பார்ப்பாரு. சின்னச் சின்ன நுகர்வோர் கடன் வேகமா பெருகுதுன்னு ரிசர்வ் வங்கியே 2023 நவம்பர்ல பேங்குகளுக்கு விதியை இறுக்கியிருக்கு. அதனால பழைய பதிவை இனிமே இன்னும் உன்னிப்பா பார்ப்பாங்க.

அடிக்கடி கேட்குற மூணு கேள்வி

பட்ஜெட்ல வரி குறைச்சாங்களே, போன் விலை இறங்குமா? 2024 ஜூலை 23 பட்ஜெட்ல மொபைல் போன், சார்ஜர் மேல இருந்த அடிப்படை சுங்க வரியை 20லிருந்து 15 சதவீதமா குறைச்சது உண்மை. ஆனா அது இறக்குமதிக்கு. இந்த விலையில வர்ற போன்கள் பெரும்பாலும் இந்தியாவுலேயே அசெம்பிள் ஆகுறது. அதனால இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பண்டிகை சேலுக்காகக் காத்திருந்தா அதுல அர்த்தம் இருக்கு.

ஜிஎஸ்டி எவ்வளவு போகுது? 18 சதவீதம். 17,999க்குள்ள 2,746 ரூபாய் ஜிஎஸ்டி. 2020 ஏப்ரல் 1க்கு முன்னாடி 12 சதவீதம்தான் இருந்துச்சு. அதே வரி இருந்திருந்தா இந்தப் போன் சுமார் 915 ரூபாய் குறைஞ்சிருக்கும்.

ஐடி ரிட்டர்ன்ல போன் செலவைக் கழிக்கலாமா? சம்பளம் மட்டும் வாங்குறவங்க கழிக்க முடியாது. தனியா தொழிலும் பண்ணி, ஜிஎஸ்டி பதிவும் வெச்சிருந்தா, தொழிலுக்கு வாங்குற போனுக்கு உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லா கேட்டு வாங்குங்க. மத்தவங்களும் பில்லை பத்திரமா வைங்க, வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

அப்போ வாங்கலாமா?

என்னோட அளவுகோல்: போன் விலை, கைக்கு வர்ற ஒரு மாசச் சம்பளத்துல பாதியைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்குல சிஎம்எஃப் போன் 1, கையில 36,000 வாங்குறவங்களுக்கான போன். 22,000 வாங்குறவங்க 11,000க்குள்ள பாருங்க. இல்ல, இதுதான் வேணும்னா காத்திருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர் எங்க இருக்குன்னு பாருங்க. குன்னூர்லேருந்து கோயம்புத்தூர் போகணும்னா போக மட்டும் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். பஸ் செலவோட ஒரு நாள் லீவும் போகும். 22,000 சம்பளத்துல ஒரு நாள்ங்கிறது 850 ரூபாய் பக்கம். ஆன்லைன்ல 500 ரூபாய் மிச்சம் பண்ணி, பழுதுக்கு ரெண்டு தடவை மலை இறங்கினா நஷ்டம்.

காத்திருக்குற வழி எளிசானது. ஈஎம்ஐயைத் திருப்பிப் போடுங்க. மாசம் 1,500 ரூபாய் ஒரு வருஷ ஆர்டியில போட்டா 18,000. 6.5 சதவீதம் வட்டி கிடைச்சா கூட 630 ரூபாய். நோ காஸ்ட் ஈஎம்ஐல 1,381 கூடக் கொடுத்தவர் ஒருத்தர், 630 கூட வாங்கினவர் ஒருத்தர். ரெண்டு பேர் கையிலயும் அதே போன். ரெண்டாவது ஆள்கிட்ட 2,000 ரூபாய் அதிகமா இருக்கு.

போன் வாங்கின அடுத்த மாசமே இன்னொரு ஆர்டி ஆரம்பிங்க, மாசம் 500 ரூபாய், 36 மாசம். மூணு வருஷம் கழிச்சு செக்யூரிட்டி அப்டேட் நிக்கும்போது வட்டியோட 19,800 ரூபாய் பக்கம் தயாரா இருக்கும். அதுக்கு அப்புறம் வாழ்க்கையில போனுக்காகக் கடன் வாங்க வேண்டிய அவசியமே வராது.

வீட்டுப்பாடம்

இப்ப உங்க கையில இருக்கிற போனை எடுங்க. வாங்கின விலை, துணைப்பொருள், கட்டின வட்டி, கட்டணம் எல்லாத்தையும் கூட்டுங்க. வாங்கி எத்தனை மாசம் ஆச்சோ அதால வகுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல போய் கடைசி செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியில வந்ததுன்னு பாருங்க. இன்னும் அப்டேட் வந்துக்கிட்டு இருக்குன்னா, கூட ஒரு வருஷம் ஓட்டினா மாசச் செலவு எவ்வளவு குறையுதுன்னு அதே பேப்பர்ல போட்டுப் பாருங்க. அந்த எண்ணைப் பார்த்த அப்புறமும் புது போன் வேணும்னு தோணுச்சுன்னா, முழுப் பணம் கட்டி சந்தோஷமா வாங்குங்க.

இதுல வந்த ஈஎம்ஐ கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோல செஞ்சு காட்டுறேன். உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு உட்காருங்க.